ஆட்டம் காணாத ஆட்டம்

வெள்ளி நள்ளிரவுக்குள் அனுப்பியாக வேண்டும்,
குளிர்கால லீக் எந்த வடிவத்தில் என்று
ஒரே ஒரு வரி.
மூன்று வாரமாக அதைத்தான்
எழுதி எழுதி அழிக்கிறேன்.

ஒஸ்ட்ராவாவில், சலவைக்கடைக்கு மேல்மாடி.
கீழே எந்திரம் பிழியத் தொடங்கினால்
மேலே எங்கள் மேசைகள் ஆடும்.
மேசை ஆடினால் பரவாயில்லை.

போன பருவம், புதியவை எல்லாம் செல்லும் என்றிருந்தேன்.
மூன்று மாதத்துக்கொரு பெட்டி இறக்கியது கம்பெனி.
டிராம் ஓட்டும் ராதோவன்
இரவுப்படி அத்தனையும் சேர்த்து
நான்கு சாம்பல் அரசிகளை வாங்கினார்.
ஆறாம் நாள் அவளைத் தடை செய்துவிட்டார்கள்.
அவர் கத்தவில்லை.
உறையிலிருந்து ஒவ்வொன்றாக உருவி
முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து
'செல்லாத சீட்டு' என்றார்,
பரிசோதகர் சொல்வதுபோல.
அதற்குப்பின் பல வியாழன்கள்
அவர் நாற்காலியில் பிறருடைய கோட்டுகள் உட்கார்ந்திருந்தன.

அதற்கு முந்திய பருவம்
எதற்கும் தடையில்லை, எந்த வருடத்து அட்டையும் வரலாம்.
ஹெர்மினா இரண்டாம் முறையிலேயே முடித்துவிடுவாள்.
எதிரில் இருப்பவர்
இடது கையுறையைக்கூடக் கழற்றியிருக்க மாட்டார்.

பெட்டியை அங்கேயே உடைத்துப்
பகிர்ந்து ஆடலாமே, எல்லோரும் சமம் என்றான் க்விடோ.
சமம்தான்,
பெட்டிக்குப் பணம் கட்டிய எல்லோரும்.

கை தூக்கச் சொன்னேன்.
பதினொன்று. பதினொன்று.
மறுபடி எண்ணினேன்.
ஒரு கை, காலுறை தேடி மாடியேறி வந்தவருடையது.
அவரைக் கழிக்க மனமில்லை.

பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு அனுப்பினேன்:
'அக்டோபர் ஒன்றுவரை வந்த அட்டைகள்.
மார்ச் வரை கூட்டல் இல்லை, கழித்தல் இல்லை.
என்ன நேர்ந்தாலும்.'
அந்தக் கடைசி இரண்டு சொற்களை
ஏன் சேர்த்தேனோ.

மூன்றாம் வாரம் நேர்ந்தது.
ஆஸ்பத்திரி லேபிலிருந்து நேராக வரும் ஸ்திஸ்லவா
ஒரு சகதிக்கட்டு கொண்டுவந்தாள்.
எதைப் போட்டாலும் உள்ளே போகும், எதுவும் வெளியே வராது.
ஐந்தாம் வாரம் பதினாறு பேரில் ஒன்பது பேர் கையில் சகதி.
தடை செய், தடை செய் என்று
போன் அதிர்ந்துகொண்டே இருந்தது.
விதி விதிதான் என்று பதில் போட்டேன்.
படித்துப் பார்த்தபோது
எனக்கே எரிச்சலாக இருந்தது.

ஞாயிறு காலை கரிக்கழிவு மேட்டுக்கு நடந்தேன்.
உள்ளே இன்னும் எரிகிறது அது.
உச்சியில் பனி தங்குவதில்லை.
அந்தச் சூட்டின் மேல்
பிர்ச் மரங்கள் வேர் பிடித்து நிற்கின்றன.
நிலையானது என்றால் அணைந்தது என்றுதான்
நானும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.
கை குளிர்ந்தது, திரும்பிவிட்டேன்.

எட்டாம் வாரம் ராதோவன் வந்தார், சீருடையோடு.
ஐந்து கொருனா பெட்டியை மடியில் கவிழ்த்து
உப்பு வணிகன் என்ற அட்டையைப் பொறுக்கினார்.
யாரும் சீந்தாதவன். சகதியை உலரவைப்பவன்.
'நான்காவது இருக்கிறதா?'
இருந்தது.
இரண்டாம் மேசையின் குட்டைக் காலுக்கடியில்,
எட்டாய் மடித்து, போன வருடம் நான்தான் வைத்தேன்.
குனிந்து பார்த்தார்.
'அங்கே வேலையில் இருக்கிறான், விடு.'

மூன்றே வணிகர்களோடு
ஸ்திஸ்லவா எதிரில் உட்கார்ந்தார்.
முதல் ஆட்டம் அவளுக்கு.
இரண்டாவது இவருக்கு.
கடைசியில் அவள் தன் கட்டைக் கீழே வைத்து
நெற்றியைத் தேய்த்துக்கொண்டு சிரித்தாள்,
இத்தனை வாரத்தில் முதல்முறை.
மூன்றாவதற்குக் கலைக்கும்போது
மணி பார்த்தார் ராதோவன்.
ஷிப்ட்.

சமன் என்று எழுதினேன்.
அவள் இடம் விட்டு எழவில்லை.
பெட்டியை இழுத்து
மீதி அட்டைகளை ஒவ்வொன்றாகப்
படிக்கத் தொடங்கியிருந்தாள்.
கீழே துணி பிழிகிற சத்தம்.
மார்ச்சுக்கு இன்னும் பதினொரு வியாழன்.